வினைச்சொல்லில் தொடங்கும் ஆங்கிலச் சொல்வளம்

பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கிலம் படித்து, இலக்கணப் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதுமளவுக்குத் தேறிவிட்ட பலரிடம் ஒரு பொதுவான குறை தென்படுகிறது. அவர்கள் எழுதும் கதையிலோ கட்டுரையிலோ மனிதர்கள் எல்லோரும் 'வாக்' செய்கிறார்கள், எல்லோரும் 'லுக்' செய்கிறார்கள், யார் எதை எந்த மனநிலையில் சொன்னாலும் 'செட்' என்ற ஒரே சொல்லில் அது முடிந்துவிடுகிறது. வேறுபாடு காட்ட வேண்டிய இடத்தில் 'ஸ்லோலி', 'ஆங்ரிலி', 'வெரி' போன்ற அடைகளை ஒட்டிவிடுகிறார்கள். எழுதியதில் தவறு இருக்காது. ஆனால் படிப்பவர் கண்முன் எதுவும் நிகழாது. இதற்கு மருந்தாகப் பெரும்பாலும் தரப்படுவது, அரிய பெயர்ச்சொற்களையும் பெயரடைகளையும் அடுக்கிய நீண்ட பட்டியல். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யும் உழைப்பில் பாதியை வினைச்சொற்களுக்குச் செலவிட்டால் பலன் விரைவில் தெரியும் என்பது என் உறுதியான கருத்து. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இதைச் செய்வதற்குத் தனிப்பட்ட காரணமும் ஒன்று உண்டு.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'வாக்' என்பது நடத்தல் என்ற செயலை மட்டும் சொல்லும் பொதுவினை. 'லிம்ப்' என்றால் காலில் அடிபட்டோ வலியெடுத்தோ நொண்டி நடப்பது. 'ஸ்டாகர்' என்றால் போதையிலோ மயக்கத்திலோ பெரும் பாரத்தின் கீழோ தள்ளாடி நடப்பது. 'ஸ்ட்ரைட்' என்றால் எங்கே போகிறோம் என்பதில் ஐயமில்லாமல் நீண்ட அடிகள் எடுத்துவைத்து நடப்பது. இந்த மூன்று சொற்களும் நடந்த விதத்தையும் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. இவ்வாறு செயலோடு அதன் விதம், வேகம், மனநிலை, ஒலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றையாவது சேர்த்தே சொல்லும் சொற்களை, இக்கட்டுரையின் வசதிக்காகச் செறிவினைகள் என்று அழைப்போம்.

தமிழில் இந்த விவரம் வாக்கியத்தின் வேறோர் இடத்தில் அமர்கிறது. நொண்டி நொண்டி வந்தான், தள்ளாடித் தள்ளாடி நடந்தான், விறுவிறுவென்று போனாள், மடமடவென்று குடித்தான், கலகலவென்று சிரித்தாள் என்று நாம் சொல்லும்போது, வந்தான், போனாள், குடித்தான் என்ற வினைமுற்றுகள் மிக எளியவை. நிகழ்ந்த விதம் முழுவதும் அவற்றுக்கு முன்னால் வரும் வினையெச்சத்திலோ இரட்டைக்கிளவியிலோ இருக்கிறது. இரட்டைக்கிளவி இரண்டிலிருந்து பிரிந்து ஒலிக்காது என்று தொல்காப்பியமே விதி கூறியிருப்பதிலிருந்து, இப்பழக்கம் நம் மொழியில் எவ்வளவு தொன்மையானது என்பது விளங்கும். முணுமுணுத்தான், கிசுகிசுத்தாள் என்று இரட்டைக்கிளவியே வினையாக மாறிவிடும் இடங்களும் உண்டு. 'மட்டர்', 'விஸ்பர்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் அவை நேர் இணையாக அமைவதால், தொடக்கநிலையில் உள்ளவர் இவ்விரண்டிலிருந்தே தொடங்கலாம். மற்றபடி, தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுபவர் 'கோபமாகப் பார்த்தார்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'லுக்ட் ஆங்ரிலி' என்று எழுதுவது சோம்பலால் நேர்வதில்லை. தாய்மொழியின் அமைப்பே அவரை அந்த வழியில் அழைத்துச் செல்கிறது.

அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் டால்மி, 1985-இல் வெளிவந்த ஆய்வில் தொடங்கி, இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தார். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்வதைச் சொல்லும்போது, சில மொழிகள் பெயரும் திசையை வினைச்சொல்லிலேயே வைக்கின்றன; நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு, கட ஆகியவை அத்தகைய வினைகள். பெயர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால் அம்மொழிகள் அதைத் துணைத்தொடராகச் சேர்க்கும். வேறு சில மொழிகள் விதத்தை வினையில் வைத்துவிட்டுத் திசையைச் சிறு இடைச்சொல்லிடம் ஒப்படைக்கின்றன. ஸ்பானிஷும் ஜப்பானிய மொழியும் முதல் வகை. ஆங்கிலமும் ஜெர்மனும் இரண்டாம் வகை. முதல் வகைக்கு எடுத்துக்காட்டாக டால்மி பெயர் குறிப்பிட்டுத் தரும் மொழிகளில் தமிழும் ஒன்று.

இதை ஒரு வாக்கியத்தில் பார்த்தால் தெளிவாகும். 'நொண்டியபடி மாடிப்படி ஏறினாள்' என்பதை ஆங்கிலேயர் 'ஷி லிம்ப்ட் அப் த ஸ்டேர்ஸ்' என்பார். நம் வாக்கியத்தில் தலைமை வகித்த 'ஏறினாள்' அங்கே 'அப்' என்ற இரண்டெழுத்துச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. துணையாக இருந்த 'நொண்டியபடி' வினைமுற்றாக உயர்ந்துவிட்டது. 'கூட்டத்தை நெருக்கித் தள்ளிக்கொண்டு பேருந்திலிருந்து வெளியே வந்தான்' என்ற நீண்ட வாக்கியம் 'ஹி ஸ்க்வீஸ்ட் அவுட் ஆஃப் த பஸ்' என்றாகும். 'பேருந்து கடகடவென்ற சத்தத்தோடு நிலையத்துக்குள் வந்தது' என்பது 'த பஸ் ரம்பில்ட் இன்டு த ஸ்டேஷன்' என்றாகும். இந்த மூன்றாவது வாக்கியத்தை நிதானித்துப் பார்க்க வேண்டும். இதில் வருதல் என்ற பொருளுடைய வினையே இல்லை. ஒலியைக் குறிக்கும் 'ரம்பில்' என்ற சொல்லும் 'இன்டு' என்ற இடைச்சொல்லும் சேர்ந்தே பேருந்தை நிலையத்துக்குள் கொண்டுவந்துவிடுகின்றன.

ஆகவே செறிவினையைத் தனியாகப் படிப்பதைவிட, அதனோடு 'இன்டு', 'அவுட் ஆஃப்', 'அப்', 'டவுன்', 'அக்ராஸ்', 'பாஸ்ட்', 'த்ரூ' ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துப் படிப்பதே முறை. தமிழில் 'இப்படிச் செய்துகொண்டு இப்படிப் போனான்' என்ற வடிவில் மனத்தில் வாக்கியம் எழும்போதெல்லாம், முன்பாதியை ஆங்கில வினையாகவும் பின்பாதியை இடைச்சொல்லாகவும் மாற்றிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், ஆங்கில வாக்கியத்தின் ஓட்டமே மாறிவிடும்.

இனி, ஒரே ஒரு தொடரை அருகில் வைத்துப் பார்ப்போம்: 'மெதுவாக நடந்தார்.' ஏன் மெதுவாக நடந்தார் என்ற கேள்விக்கு இத்தொடர் விடை சொல்வதில்லை. மாலையில் கடற்கரையில் காற்று வாங்கியபடி, அவசரமேதும் இன்றி நடந்தார் என்றால் அது 'ஸ்ட்ரோல்'. நாள் முழுவதும் உழைத்த களைப்பில், அல்லது சேற்றிலும் மழையிலும், ஒவ்வோர் அடியையும் பாரமாகத் தூக்கிவைத்து நடந்தார் என்றால் அது 'ட்ரட்ஜ்'. முதுமையாலோ நோயாலோ பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தார் என்றால் அது 'ஷஃபில்'. யாரும் கவனித்துவிடக் கூடாது என்று பதுங்கிப் பதுங்கி நகர்ந்தார் என்றால் அது 'க்ரீப்'. தூங்கும் குழந்தை விழித்துவிடாதபடி நுனிக்காலில் நடந்தார் என்றால் 'டிப்டோ'. வேகத்தை அளந்தால் ஐந்தும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஐந்து மனிதர்கள், ஐந்து சூழல்கள். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முற்படும் எழுத்தாளர், தான் விவரிக்கும் மனிதரின் நிலை என்ன என்று தனக்குள் கேட்டுக்கொண்டே ஆக வேண்டியிருக்கிறது. செறிவினைகளைப் பயில்வதால் கிடைக்கும் பெரிய பயன் இதுவே என்று நான் கருதுகிறேன். கூர்ந்து பார்க்கும் பழக்கம் முதலில் வருகிறது, சொல் அதன் பின்னால் வந்து சேர்கிறது.

இறந்தகால வடிவங்களை அன்றைக்கே படித்துவிடுவது நல்லது. 'ஸ்ட்ரோல்', 'ட்ரட்ஜ்', 'ஷஃபில்' ஆகியவை வழக்கமான விகுதியை ஏற்கும். 'க்ரீப்' என்பது 'க்ரெப்ட்' என்றும், 'ஸ்ட்ரைட்' என்பது 'ஸ்ட்ரோட்' என்றும் மாறும். கதை சொல்வதும் நிகழ்ச்சியை விவரிப்பதும் பெரும்பாலும் இறந்தகாலத்தில் நடப்பதால், இந்த வடிவம் தெரியாத சொல் கைக்கு உதவாது.

பார்த்தலைக் குறிக்கும் சொற்களில் தமிழருக்கு நிறைய முன்னறிவு இருக்கிறது. முறைத்தல் என்பதற்கு 'க்ளேர்', கண் இமைக்காமல் வெறித்துப் பார்ப்பதற்கு 'ஸ்டேர்', மறைவிலிருந்து எட்டிப் பார்ப்பதற்கு 'பீப்', வியப்போடும் அன்போடும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதற்கு 'கேய்ஸ்' என்று நேராகப் பொருத்திக்கொள்ளலாம். தடுமாற்றம் நேர்வது 'க்ளான்ஸ்', 'க்ளிம்ப்ஸ்' என்ற இணையில்தான். இரண்டிலும் பார்வை ஒரு நொடிதான். 'க்ளான்ஸ்' என்பது நாமாக விரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவது: கூட்டத்தில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல. 'க்ளிம்ப்ஸ்' என்பது தற்செயலாகக் கண்ணில் பட்டு மறைவது: ஓடும் ரயிலின் சன்னல் வழியே ஒரு கோபுரம் தெரிந்து மறைவதுபோல. அதனால் 'க்ளான்ஸ்' என்பதற்குப் பின் 'அட்' வர வேண்டும். 'க்ளிம்ப்ஸ்' செயப்படுபொருளை நேராகவே ஏற்கும். பேச்சுவழக்கில் அது பெயர்ச்சொல்லாகி, 'காட் அ க்ளிம்ப்ஸ் ஆஃப்' என்ற தொடராகவே மிகுதியும் வருகிறது. இடைச்சொல் மாறினால் பொருளே மாறிவிடும் சொற்களும் உண்டு. 'ஷவுட் அட்' என்றால் ஒருவரைப் பார்த்துக் கோபத்தில் கத்துவது. 'ஷவுட் டு' என்றால் தொலைவில் இருப்பவருக்குக் கேட்கும்படி உரக்கக் கூப்பிடுவது.

ஒலியை வைத்து நினைவில் நிறுத்தும் வழி ஒன்றும் இருக்கிறது. 'க்ளிட்டர்', 'க்ளீம்', 'க்ளோ', 'க்ளிமர்' ஆகியவை எல்லாம் ஒளியைச் சார்ந்தவை. 'ஸ்னீஸ்', 'ஸ்னோர்', 'ஸ்னிஃப்' எல்லாம் மூக்கைச் சார்ந்தவை. சொல்லின் தொடக்க ஒலிக்கும் பொருளுக்கும் இடையே தோன்றும் இத்தகைய உறவை 1930-இல் ஜே. ஆர். ஃபிர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் தனிப் பெயரிட்டுச் சுட்டிக்காட்டினார். 'க்ளேர்' என்ற சொல் கண்ணைக் கூசவைக்கும் ஒளியையும் முறைப்பையும் ஒருங்கே குறிப்பதைக் கவனித்தால் இவ்வுறவு இன்னும் சுவையாகத் தோன்றும். இது விதியாகாது, கையுறையைக் குறிக்கும் 'க்ளவ்' என்ற சொல்லில் ஒளி ஏதுமில்லை. நினைவுக்கு உதவும் கைப்பிடியாக மட்டும் இதைக் கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்னதால் தமிழ் வினைகள் வறியவை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அடுக்களைக்குள் நுழைந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். கீரையை ஆய்ந்து அரிகிறோம், வெங்காயத்தை நறுக்குகிறோம், மிளகாயைக் கீறுகிறோம், தேங்காயைத் துருவுகிறோம். அப்பளத்தைப் பொரிக்கிறோம், காய்கறியை வதக்குகிறோம், ரவையை வறுக்கிறோம், கடுகைத் தாளிக்கிறோம். ஆங்கிலம் அப்பளத்துக்கும் வெங்காயத்துக்கும் 'ஃப்ரை' என்ற ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு, வேறுபடுத்த வேண்டியபோது 'டீப்', 'ஷாலோ' என்று அடை சேர்க்கிறது. தாளித்தலுக்கு அன்றாட ஆங்கிலத்தில் இயல்பான ஒற்றைச் சொல் கிடையாது. பொரிப்பதையும் வதக்குவதையும் எந்தத் தமிழரும் குழப்பிக்கொள்வதில்லை என்பதால், 'ஸ்ட்ரோல்', 'ட்ரட்ஜ்' ஆகியவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் அதே தெளிவோடு உள்வாங்க அவரால் முடியும்.

அடுத்து எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது, சொல்லில் ஒளிந்திருக்கும் மதிப்பீட்டைப் பற்றி. புன்னகைத்தார் என்பதற்கும் இளித்தார் என்பதற்கும் உள்ள தூரம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: 'ஸ்மைல்' பொதுச்சொல், 'பீம்' மகிழ்ச்சியில் முகம் மலர்வது, 'க்ரின்' பல் தெரியச் சிரிப்பது, 'ஸ்மர்க்' தற்பெருமையோடு இகழ்ச்சி கலந்து இதழோரம் சிரிப்பது. பள்ளி ஆண்டுவிழாவைப் பற்றிய அறிக்கையில் சிறப்பு விருந்தினர் 'ஸ்மர்க்ட்' என்று எழுதிவிட்டால், அவரை அவமதித்ததாகவே பொருள்படும். 'வாடில்' என்பது வாத்தின் நடை; தளிர்நடை போடும் குழந்தைக்குப் பொருந்தும், மரியாதைக்குரிய பெரியவருக்குப் பொருந்தாது. ஒருபொருட்சொல் அகராதியைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட புதுச்சொல்லை எடுத்துப் போடுவதால் நேரும் விபத்துகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. அந்த அகராதி சொற்களை ஒரே கூட்டமாகக் காட்டுமேயன்றி, யாரைப் பற்றி யார் எப்போது சொல்லலாம் என்பதைக் காட்டுவதில்லை.

ஒரு சிறு பத்தியைத் திருத்திப் பார்ப்போம். முதியவர் ஒருவர் பேருந்திலிருந்து இறங்கினார். வெயிலில் கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தார். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாலையை வேகமாகக் கடந்தார். ஒரு லாரி மிக வேகமாகக் கடந்து சென்றது. இதைத் தொடக்கநிலையில் உள்ளவர் 'காட் ஆஃப் த பஸ்', 'லுக்ட் அட் த ஸ்கை வித் ஹாஃப் க்ளோஸ்ட் ஐஸ்', 'ஹெல்ட் ஹிஸ் பேக் டைட்லி அண்ட் க்ராஸ்ட் த ரோட் ஃபாஸ்ட்', 'வென்ட் பாஸ்ட் வெரி ஃபாஸ்ட்' என்று எழுதுவார். முதல் வினையை அப்படியே விட்டுவிடலாம். அவர் இறங்கியதில் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்குவது 'ஸ்க்வின்டட் அட் த ஸ்கை'. பையை இழந்துவிடுவோமோ என்ற பதற்றத்தோடு இறுகப் பற்றுவது 'க்ளட்சிங் ஹிஸ் பேக்'. சாலையைக் கடந்தது 'ஹர்ரீட் அக்ராஸ் த ரோட்'. இந்த இடத்தில் 'ஸ்கரி' என்ற சொல்லைப் போட ஆசை வரலாம். அது எலியும் அணிலும் குறுகிய அடிவைத்து ஓடுவதைக் குறிக்கும் சொல் என்பதால் முதியவரைச் சிறுமைப்படுத்திவிடும். கட்டுக்கடங்காத, அச்சமூட்டும் வேகத்தில் லாரி போனதற்கு 'ஹர்ட்டில்ட் பாஸ்ட்' மிகவும் பொருந்தும். நான்கு வாக்கியங்களில் ஒன்று எளியதாகவே நிற்பதால் மற்றவை எடுபடுகின்றன. ஒவ்வொரு வாக்கியத்திலும் செறிவினையைத் திணித்தால் படிப்பவர் களைத்துப்போவார். உரையாடலிலும் அப்படியே, 'செட்' என்பது கண்ணை உறுத்தாத நல்ல சொல், பேசிய விதம் கதைக்குத் தேவைப்படும்போது மட்டும் 'மட்டர்ட்', 'ஸ்னாப்ட்', 'ஸ்டாமர்ட்' என்று மாற்றினால் போதும்.

சொற்களின் பொருளைப் பார்க்க, அயல்மொழியாளருக்கென்றே தொகுக்கப்பட்ட கற்போர் அகராதிகளை நாடுவது நல்லது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கி 1942-இல் அங்கே வெளியிட்ட அகராதியே, இன்று ஆக்ஸ்ஃபோர்டு வெளியிடும் கற்போர் அகராதியின் முன்னோடி. 1978-இல் வந்த லாங்மன் அகராதி, ஏறத்தாழ 2000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாச் சொற்களுக்கும் பொருள் கூறுகிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில் உருவாகி 1987-இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, பொருளை முழு வாக்கியமாகவே தருவதால், அந்தச் செயலை யார், எங்கே, எதன்மீது செய்வார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். செறிவினைகளுக்கு இம்முறை மிகவும் பொருந்துகிறது. குறிப்பேட்டில் எழுதும்போதும் சொல்லையும் தமிழ்ப்பொருளையும் எதிரெதிராக எழுதுவதோடு நின்றுவிடாமல், இறந்தகால வடிவம், உடன்வரும் இடைச்சொல், நம் ஊர்க்காட்சி ஒன்றை வைத்து நாமே அமைத்த ஒரு வாக்கியம் ஆகிய மூன்றையும் எழுதிவைக்க வேண்டும்.

கதை எழுதாதவர்களுக்கும் செறிவினைகள் தேவைப்படுகின்றன. அலுவலகக் கடிதம், அறிக்கை, தேர்வுக் கட்டுரை எதுவாயினும், பிறர் சொன்னதை எடுத்துரைக்காமல் முடியாது. அங்கே தேர்ந்தெடுக்கும் வினை, சொன்னவரை நாம் நம்புகிறோமா என்பதையும் சேர்த்தே காட்டிவிடும். 'க்ளெய்ம்' என்று எழுதினால், அவர் அப்படிச் சொல்கிறார், உண்மைக்கு நான் பொறுப்பில்லை என்று பொருள். ஆங்கிலச் செய்தித்தாளில் இச்சொல் எங்கெங்கே வருகிறது என்று கவனித்துவந்தால் இது புரியும். வாடிக்கையாளருக்கு எழுதும் மறுமொழியில் 'ஆஸ் யூ க்ளெய்ம்ட்' என்று தொடங்கினால் அவரைப் பொய்யர் என்று சொன்னதுபோல் ஆகிவிடும். 'ஆஸ் யூ மென்ஷன்ட்' என்பதே பண்பான வழக்கு. 'அட்மிட்' என்றால், மறைக்க விரும்பியதை ஒப்புக்கொண்டார் என்ற நிழல் படியும். 'இன்சிஸ்ட்' இரண்டு வகையாக வரும்: 'இன்சிஸ்டட் தட் ஹி ஹாட் பெய்ட்' என்றால் தான் பணம் கொடுத்துவிட்டதாகச் சாதித்தார், 'இன்சிஸ்டட் ஆன் பேயிங்' என்றால் தானே பணம் கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றார்.

இவற்றுள் தமிழரை மிகவும் ஏமாற்றும் சொல் 'டினை'. தமிழில் 'பணத்தை எடுக்கவில்லை என்று மறுத்தார்' என்றே சொல்கிறோம்; எடுக்கவில்லை என்பதிலும் எதிர்மறை, மறுத்தார் என்பதிலும் எதிர்மறை, இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. ஆங்கிலத்தில் 'டினை' என்ற சொல்லே எதிர்மறையைத் தனக்குள் கொண்டிருப்பதால், அதன்பின் உடன்பாட்டு வடிவமே வர வேண்டும்: 'ஹி டினைட் டேக்கிங் த மணி'. பழக்கத்தால் 'நாட்' சேர்த்து 'டினைட் தட் ஹி ஹாட் நாட் டேக்கன் த மணி' என்று எழுதினால், தான் எடுக்கவில்லை என்பதை அவரே மறுக்கிறார், அதாவது எடுத்ததாகச் சொல்கிறார், என்று பொருள் திரும்பிவிடும். விசாரணை அறிக்கையிலோ விளக்கக் கடிதத்திலோ இந்த ஒரு சொல் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடக் கூடும் என்பதால், 'டினை' எழுதும் ஒவ்வொரு முறையும் அதன்பின் 'நாட்' வந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டே கடிதத்தை அனுப்ப வேண்டும்.